வாரத்துக்கு ஒரு கோழி

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சாமான் எழுதுவதும் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதும் தவிர இந்தக் கைக்கு எழுத்து வேலை இருந்ததில்லை. மறதி வேறு. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாயே வராது. தாளில் என்றால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதச் சொன்னது பின்வீட்டுக்காரியின் மகள். இப்போது பேராவூரணியில் இருக்கிறாள். "பெரியம்மா, அம்மா போயி முதல் வருஷத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுறோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கறத எழுதிக் குடுங்க" என்று போனில் கேட்டாள். எனக்கு என்னம்மா தெரியும் என்றேன். "வேலிக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் எங்கம்மா. உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். அது உண்மைதான்.

அவள் அம்மா பேரை எழுதவில்லை. முப்பது வருஷத்தில் ஒருநாளும் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் தங்கச்சி. மற்றவர்களிடம் பின்வீட்டுக்காரி. என் வீட்டு வாசல் மேலத்தெருவைப் பார்த்து இருக்கும், அவள் வீட்டு வாசல் கீழத்தெருவைப் பார்த்து. கொல்லை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் கிளுவை வேலி. வேலியில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற இடைவெளி. நானும் அவளும் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்தது கல்யாணம் காட்சிக்குத்தான். மற்றபடி எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான்.

ஆள் குட்டை. கை மட்டும் ஆம்பளைக் கை மாதிரி அகலம். நடவுக்குப் போனால் பக்கத்து ஆளைப் பார்க்கமாட்டாள், தன் நிரையை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். சொன்னால் சொன்னதுதான். ஒருதரம் மினி பஸ்காரன் இவள் கையைக் காட்டியும் நிறுத்தாமல் போய்விட்டான். "இனிமே உன் வண்டில ஏறல போ" என்று ரோட்டில் நின்று சொன்னாள். அவன் காதில் விழுந்திருக்காது. ஆனால் அந்த வண்டி எங்கள் ஊருக்கு வந்த வரைக்கும், நாலு வருஷம், இவள் கடைத்தெருவுக்கு நடந்தேதான் போனாள். மழையில் நனைந்துகொண்டு போகிறவளைப் பார்த்து அந்தப் பையனே வண்டியை நிறுத்தி "ஏறுங்கம்மா" என்பான். "நீ போப்பா, நேரமாச்சு" என்று அன்பாகத்தான் சொல்வாள். ஏறமாட்டாள்.

கொல்லையில் எப்போதும் நாலைந்து கோழி இருக்கும். கறிக்குத்தான். விற்கமாட்டாள். நோன்பு, திருவிழா, மாப்பிள்ளை வருவது, இப்படி ஒன்றைக் குறித்துவைத்துத்தான் ஒவ்வொன்றையும் வளர்ப்பாள். கோழிக்குச் செல்லப்பேர் வைத்தால் அவளுக்குப் பிடிக்காது. என் பேத்தி ஒருமுறை ஒரு சேவலுக்குப் பேர் வைத்துக் கூப்பிட்டபோது, "பேரு வெச்சா நீதான் சோறு போட்டு சாவற வரைக்கும் வளக்கணும், சரியா?" என்று கேட்டாள். குழந்தை பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டது.

அதற்காகக் கல்நெஞ்சு என்று நினைக்கக் கூடாது. குருணையும் தவிடும் பிசைந்து வைப்பாள். பழைய பானைக்குள் வைக்கோலும் சாணியும் போட்டு நனைத்துக் கவிழ்த்துவைத்து, மறுநாள் அதில் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்குத் தட்டுவாள். வரப்பில் பொறுக்கிய நத்தையை நசுக்கிப் போடுவாள். சாயங்காலம் கூண்டில் அடைக்கிறபோது ஒவ்வொன்றாகத் தூக்கி நெஞ்சுக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பார்ப்பாள். "எலும்பு குத்துது. இன்னும் பத்து நாளு" என்பாள். தராசு வைத்தாலும் அந்த விரல் சொன்னதுதான் வரும்.

அவள் வீட்டுக்காரர் பந்தல் போடுகிறவர். பெரிய உடம்பு, பெரிய மீசை. மூங்கில் உச்சியில் நின்றுகொண்டு கீற்று கட்டுவார். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிடும். கோழி அறுப்பது எங்கள் பக்கம் ஆம்பளை வேலை. பொம்பளை காலைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஆகையால் கோழி அறுக்க என்றால் இவள் எங்கள் வீட்டுக்காரரைத்தான் வந்து கூப்பிடுவாள். அவருக்கும் யாராவது காத்து நின்றால் ஒரு சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சம்பந்தி வீட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் வேலியோரம் கோழியோடு நிற்கிறாள். இவர் பேப்பரை மடிக்கவில்லை.

"வரேன் வரேன், கோழி எங்கயும் ஓடிடாது. மொதல்ல உம் புருஷனுக்கு மீசைய எடுக்கச் சொல்லு" என்றார்.

நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திரும்பிப் போனாள். கால் மணி நேரத்தில் மஞ்சள் தேய்த்துத் தீயில் வாட்டுகிற வாசனை வேலியைத் தாண்டி வந்தது.

தெருவில் பேசாமல் இருப்பார்களா. பொம்பளை அறுத்தால் வீட்டுக்கு ஆகாது என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். இவள் குடத்தை வைத்துவிட்டு, "வெரால் மீன உசுரோட சாம்பல்ல போட்டுத் தேச்சு அறுக்கறப்ப வீட்டுக்கு ஆவுதுல்ல? அப்ப கோழிக்கும் ஆவும்" என்றாள். அதோடு சரி. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காரரை அவள் கூப்பிடவில்லை. அவர்தான் ரெண்டு மூன்று தடவை "ஏன் ஆளையே காணும்?" என்று கேட்டுப் பார்த்தார்.

அவள் அறுக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து அலகில் விடுவாள். அது குடிக்கும் வரை பொறுப்பாள். அந்த நேரம் பக்கத்தில் யாரும் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. அப்புறம் ஒரே இழுப்பு. கத்தியை முதல் நாளே தீட்டிவைத்திருப்பாள்.

இனி அந்த எட்டுக் கோழிக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மகளைப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருந்தாள். இரண்டு தடவை தங்காமல் போயிற்று. மூன்றாவது நின்றது. ஆனால் பெண் காற்றடித்தால் விழுகிற மாதிரி இருந்தாள். ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆடியில் சம்பந்தியம்மா வந்திருந்தபோது நானும் அங்கே இருந்தேன். காபியைக் குடித்துக்கொண்டே, "தாய் வீட்டுச் சாப்பாட்டுல உடம்பு இல்ல, அதான் ரெண்டும் தங்கல. பிரசவத்துக்கு அனுப்புறோம், முறை. ஆனா ஒரு வாரத்துல நாங்க அழச்சிக்கிறோம். அங்க நல்லா பாத்துக்குவோம்" என்றார்.

இவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ரெண்டு மாசம் எம்பொண்ணு இங்கதான் இருப்பா சம்பந்தி. வாரத்துக்கு ஒரு கோழி. கடைக்கோழி இல்ல, என் கொல்லைல வளந்த, இன்னும் முட்டை வெக்காத வெடக்கோழி. எட்டு வாரத்துக்கு எட்டு. என்னைக்கு ஒரு வாரம் கோழி இல்லியோ, அன்னைக்கு வந்து அழச்சிட்டுப் போங்க" என்றாள்.

சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார். விளையாட்டுப் பேச்சு மாதிரிதான் இருந்தது. எனக்குத்தான் தெரியும் விளையாட்டு இல்லை என்று. மினி பஸ்ஸைப் பார்த்தவள் நான்.

ஆவணி பிறந்ததும் பதினோரு முட்டை அடை வைத்தாள். ஒன்பது பொரித்தது. ஒன்றைப் பருந்து கொண்டுபோயிற்று. எட்டு நின்றது. பழைய புடவைக் கரையைக் கிழித்து ஒவ்வொன்றின் காலிலும் கட்டினாள். முதல் குஞ்சுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு முடிச்சு, இப்படி எட்டு வரை. கால் பருக்கப் பருக்க அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவாள். பேர் வைக்காதவள் அதுகளை வாரம் சொல்லித்தான் கூப்பிட்டாள். "மூணாம் வாரம் இன்னிக்குச் சரியா தின்னல." "அஞ்சாம் வாரம் சேவலா போயிடுச்சுக்கா, பரவால்ல, சேவலும் கறிதானே." கேட்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும்.

அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்று. வெள்ளைக் கழிச்சல். அது வந்தால் தெருவில் ஒரு கூண்டு மிஞ்சாது. ஏழாம் நாள் குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து போட வேண்டும் என்று மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். டாக்டர், "ஒரு பாட்டில் நூறு கோழிக்கும்மா. ஒடச்சுக் கலக்கினா ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிக்கணும். உன் எட்டுக் குஞ்சுக்கு ஒடச்சா மிச்சத்த யாரு தலைல ஊத்துறது?" என்றாராம்.

"நூறு சேத்துட்டா வருவீங்களா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் பேச்சுக்கு வருவேன் என்றிருக்கிறார்.

ரெண்டு நாள் இவள் நாலு தெருவும் ஏறி இறங்கினாள். யார் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு. தொண்ணூற்று நாலு வந்தது. மீதி ஆறுக்காக வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளுக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனாள். "நாளைக்கு காலைல யாரும் கூண்ட தொறக்காதீங்க. தொறந்துட்டீங்கன்னா அதுங்கள எங்க போய்ப் புடிக்கிறது" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்தாள். காலையில் ஆஸ்பத்திரி ஆள் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு வந்தபோது ஊரே கூண்டு முன்னால் நின்றது. கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு. இவள் பிடித்துப் பிடித்துக் கொடுத்தாள். கை முழுக்க கீறல். கடைசிக் கோழி என் வீட்டுக் கிழட்டுப் பெட்டை. "நூறு" என்று சொல்லிக் கீழே விட்டாள்.

இரண்டு மாசம் கழித்து றெக்கைக்கு அடியில் ஊசி போட வேண்டும். அது ஐப்பசியில் வந்தது. அந்த வாரம் மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டார்கள். இவள் மறுபடியும் வீடு வீடாகப் போனாள். "ஊசி போடற வரைக்கும் சந்தையிலேருந்து யாரும் புதுக்கோழி கொண்டாராதீங்க. வெளியில சீக்கு அடிக்குதாம்." என் வீட்டு வேலியிலும் வந்து சொன்னாள். நான் தலையாட்டினேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஒருநாள் தாளை மூடி வைத்துவிட்டு இப்போதுதான் எடுக்கிறேன்.

அந்த வாரம் என் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். மூன்று வருஷம் கழித்து வருகிறான். என் கொல்லையில் அந்தக் கிழட்டுப் பெட்டைதான் இருந்தது, வெந்தாலும் ரப்பர் மாதிரி இருக்கும். அவளிடம் ஒன்று கேட்டிருக்கலாம். எட்டில் ஒன்று எப்படிக் கேட்பது? கூச்சம். சந்தைக்குப் போனேன். ஒருவன் கையில் கறுகறுவென்று ஒரு கோழி. நல்ல கொழுப்பு. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டான். பேரம் பேசாமல் கொடுக்கிறானே என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சீக்கு வந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான், சாவதற்கு முன்னால் தள்ளிவிடுவார்கள். நாமும் அதைத்தானே செய்திருக்கிறோம்.

மகன் வர இன்னும் ஒருநாள் இருந்தது. பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்தேன். மறுநாள் காலையில் அது கழுத்தைச் சுருக்கிக்கொண்டு குந்தியிருந்தது. கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாக. செத்துப்போனால் வீணாகிவிடுமே என்று அவசரமாக எங்கள் வீட்டுக்காரரை எழுப்பி அறுக்கச் சொன்னேன். இறகையும் குடலையும் முறத்தில் வாரி வேலியோரக் குப்பையில் கொட்டினேன். குழம்பு வைத்தேன். மகன் நன்றாகத்தான் சாப்பிட்டான்.

குப்பைக்கு வேலி ஏது? அவள் கோழிகள் காலையில் வந்து கிளறுவது அந்தக் குப்பையைத்தான்.

நாலைந்து நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு காலை அவள் வேலி இடைவெளியில் வந்து நின்றாள். கையில் ஒரு கறுப்பு இறகு.

"அக்கா, ரெண்டாம் வாரமும் ஏழாம் வாரமும் செத்துக் கெடக்கு. இது யாரு வீட்டுக் கோழி இறகுக்கா?"

"தெரியலியே தங்கச்சி" என்றேன்.

வாயிலிருந்து அதுதான் வந்தது. நினைத்துச் சொல்லவில்லை. அவள் இறகை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் எட்டாம் வாரம் போயிற்று. மறுநாள் விடிகிறபோது மூன்றாம் வாரமும் ஐந்தாம் வாரமும். குழியில் சுண்ணாம்பு போட்டு அவள் மூடுகிற சத்தம் எனக்கு வேலியின் இந்தப் பக்கம் கேட்டது. ஒன்று, நாலு, ஆறு. இந்த முடிச்சுக்காரர்கள் மூன்று பேர்தான் மிச்சம். முதல் சாவு தெரிந்ததுமே, சோர்வு தெரியாத அந்த மூன்றையும் பிரித்து வாசல் பக்கம் கூடையில் வைத்திருந்தாள். அது எத்தனை நாள் தாங்கும்? தெரு முழுக்க சீக்கு.

வெயில் ஏறியதும் மறுபடி வேலிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அழுத மாதிரி இல்லை, தூங்காத மாதிரி.

"அக்கா, உங்க மோட்டார் கொட்டகை சாவி வேணும். வயல் நடுவுல இருக்கு. அங்க வேற கோழி வராது. மூணையும் அங்க வெக்கப் போறேன்."

"எடுத்துட்டு வரேன்" என்று திரும்பினேன்.

"இருங்க. அங்க நான் போகக் கூடாது. என் கால்ல, புடவைல எல்லாம் சீக்கு இருக்கு. நான் போனா அங்கயும் போயிடும். சோறு வெக்க நீங்க போனா நல்லதுதான். ஆனா ஒண்ணு. உங்க வீட்டுல சீக்குக்கோழி எதுவும் வரலியே? வந்திருந்தா சொல்லிடுங்கக்கா. நீங்க போனாலும் அதே கதைதான்."

நான் கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொண்டேன். நேற்று சொன்ன பொய் வெறும் வெட்கத்துக்குச் சொன்னது. இன்று சொன்னால் அது அந்த மூன்றையும் கொல்லும். அந்தப் பெண்ணை ஒரு வாரத்தில் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை. கோழிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நிற்பாளே, அப்படி நின்றாள்.

"வந்துச்சு" என்றேன். "சந்தையில வாங்குனேன். கறுப்பு. குந்திக்கிச்சு, அறுத்துட்டேன். இறக இங்கதான் கொட்டுனேன். நேத்து நான் பொய் சொன்னேன் தங்கச்சி."

அவள் இடுப்பிலிருந்து அந்த இறகை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"தெரியும். இந்தத் தெருவுல கறுப்புக்கோழி யாரு வெச்சிருக்கா? உங்க மகன் வந்த அன்னைக்குக் கொழம்பு வாசன வந்துச்சுல்ல."

"தெரிஞ்சா ஏன் கேட்ட?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். இன்னிக்கும் தெரியலன்னு சொல்லியிருந்தா சாவிய மட்டும் வாங்கிட்டு, இந்த எடத்த முள்ளு வெச்சு அடச்சிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சபிக்கவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சாவி எடுத்தாங்க. நீங்களும் வேணாம், நானும் வேணாம். எங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா திருவாரூர்ல பந்தல் வேலைல இருக்காரு. இன்னிக்கு வராரு. வீட்டுக்குள்ள நுழைய விடாம அப்படியே அனுப்பிடுறேன்" என்றாள்.

அப்படியேதான் செய்தாள். பாவம் அந்த மனுஷன், பையோடு தெருமுனையில் வந்து இறங்கினவரை அங்கேயே நிறுத்தி, சாவியை அலசித் தூர வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கோழிக்கூடையை என் மகன் ஒரு கழியில் மாட்டி வயல் வரப்பு வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். இருபது நாள் அவர் கொட்டகையிலேயே கிடந்தார். சாப்பாடு வரப்பு முனையில் வைக்கப்படும், வந்து எடுத்துக்கொள்வார். காலையில் அங்கிருந்தே கத்துவார். "மூணும் தின்னுது!" இவள் இங்கிருந்து கத்துவாள். "கழிச்சல் என்ன நெறம்?" வயலில் களை பறிக்கிற பொம்பளைகள் எல்லாரும் சிரிப்பார்கள். "ஏண்டி, புருஷன் எப்படி இருக்காருன்னு ஒருவாட்டி கேளேன்" என்று ஒருத்தி கத்தினாள். "அவருக்குக் கழிச்சல் இல்ல, எனக்குத் தெரியும்" என்றாள் இவள்.

எனக்கும் வேலை கொடுத்தாள். கொடுத்தாள் என்பதே பெரிய காரியம். இரண்டு கொல்லைக் குப்பையையும் எரித்தோம். மண்ணைச் சுரண்டிச் சுண்ணாம்பு தூவினோம். கூண்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்தோம். வீட்டுக்காரர் "பக்கத்து வீட்டுக்கு இவ்வளவு வேல செய்யணுமா?" என்றார். அறுத்தவர் அவர்தானே. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினேன். "நீங்களும் ஒரு கூடை சுண்ணாம்பு தூக்குங்க" என்றேன். தூக்கினார்.

சாவு நின்றபிறகு ஊசி மருந்து வந்ததாகக் கேள்விப்பட்டு இவள் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். டாக்டர், "நூறு சேத்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

"எங்க ஊருல இப்ப நூறு இல்லீங்க. என்கிட்ட மூணுதான் இருக்கு. செத்துப்போனதுங்க பங்கையும் சேத்து இந்த மூணுக்குப் போடுங்க" என்றாள்.

அவர் பேனாவை மூடிவிட்டு இவளைப் பார்த்தார். நாளைக்கு வாய்க்காலுக்கு அப்பால் இரண்டாவது ஊரில் பாட்டில் உடைக்கப் போகிறோம், காலை ஏழு மணிக்கு அங்கே கொண்டுவந்தால் சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றார். மறுநாள் மீசைக்காரர் ஒயர் கூடையில் மூன்றையும் வைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கே போய் நின்றாராம். ஊசியைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாராம்.

இதற்குள் சம்பந்தியம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. போன் வந்தது. "எட்டு மூணா போச்சாமே. போனா போவுது, கடையில கோழியா இல்ல? பேச்ச விடுங்க, நாங்களே பாத்துக்கிறோம்."

"கடையில இருக்கும் சம்பந்தி. நான் சொன்னது அது இல்ல. வாரம் பொறக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த மூன்றின் காலையும் அவிழ்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று புது முடிச்சுப் போடவைத்தாள். மிச்ச ஐந்து வாரத்துக்கு? சீக்குப் போன கொல்லையில் இரண்டு மாசமாவது கோழி விடக் கூடாது. அதனால் மார்கழியிலேயே தரங்கம்பாடியில் இருக்கும் தன் தங்கச்சி கொல்லைக்கு ஐந்து வளர்ந்த குஞ்சு வாங்கி அனுப்பி, அங்கே வளர்க்க ஏற்பாடு செய்தாள். "என் கொல்லைன்னு சொன்னியே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "எங்க அப்பன் வெச்ச கொல்லைதானே அது. எனக்கும் பங்கு இருக்கு" என்றாள். அவள் சொன்ன சொல்லை வளைத்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தை கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். வேலி வழியாக இல்லை, தெரு சுற்றி வாசல் வழியாக வரச் சொன்னாள். முதல் வாரக் கோழி கொல்லையில் கட்டிக் கிடந்தது. மீசைக்காரர் ஆளைக் காணோம். கொட்டகையில் மடியில் வைத்துத் தூங்கியவர் அவர், பார்க்கமாட்டார். காலைப் பிடிக்கத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்துக் குனிந்தேன்.

"காலு நான் புடிக்கிறேன். கத்தி உங்களுக்கு" என்றாள்.

"ஐயோ, எனக்கு வராது தங்கச்சி."

"வரும். அஞ்சு கோழிய அறுக்காமலேயே கொன்னீங்கல்ல. ஒண்ண அறுத்து எம்பொண்ணுக்குக் குடுங்க."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கூலி சொல்கிற மாதிரி சொன்னாள். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து அலகில் விட்டேன். பாதி சிந்திவிட்டது. மறுபடி எடுத்தேன். அது குடித்தது. அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரே இழுப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறுத்தவில்லை.

மிளகு, பூண்டு, நல்லெண்ணெய் மட்டும் போட்டு அவள் சாறு வைத்தாள். "நீங்களே கொண்டு போய்க் குடுங்க" என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்த பெண், ஒரு வாய் குடித்துவிட்டு, "பெரியம்மா, ஏன் அழுவுறீங்க?" என்றாள். மிளகுப் புகை என்றேன். அது அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய். அந்த ஒன்றை ஒத்துக்கொள்வது இன்றுவரை பாக்கி இருந்தது.

எட்டு வாரமும் அந்தப் பெண் இங்கேதான் இருந்தாள். எட்டு வாரமும் கோழி இருந்தது. சம்பந்தியம்மா அழைக்க வந்த அன்று ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மகளே, இதை நீ படிக்கும்போது சரிபார்த்துக்கொள். மிஞ்சியது மூன்று என்று எழுதியிருக்கிறேன், நீ போனில் நாலு என்றாய். தரங்கம்பாடியிலிருந்து வந்தது ஐந்தா ஆறா என்று உன் சித்தியைக் கேள். அந்த மருந்து இரண்டு மாசத்திலா இரண்டரை மாசத்திலா என்று யாராவது டாக்டரிடம் கேட்டு மாற்று. எழுத்துப் பிழை எல்லாம் திருத்து. நான் செய்ததை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்தக் கறுப்புக் கோழி இடத்தை மட்டும் தொடாதே. அது சரியாகத்தான் இருக்கிறது.